வாசகர் கேள்வி–பதில்: ஐரிஷ் பப்பில் சாப்பிடப் போகிறவர்களுக்கு

காட்பாடியில் ரயில் ஏறினால் பெங்களூரு எட்டிவிடும் தூரம். படிப்பை முடித்த பிள்ளைகள் அங்கே வேலையில் இருக்கிறார்கள். வேலூரில் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் அயர்லாந்து வரை போயிருக்கிறார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிக்காரர்கள் சரக்கு வாங்கும் பையர்களைப் பார்க்க ஐரோப்பா போய் வருகிறார்கள். இந்த மூன்று பக்கமிருந்தும் ஐரிஷ் பப்பில் (அயர்லாந்து பாணி மதுக்கூடத்தில்) சாப்பிடுவது பற்றிக் கேள்விகள் வந்திருக்கின்றன. குடிக்காதவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டோம். அங்கே அதிகம் தடுமாறுவது அவர்கள்தான்.

கேள்வி: ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் பையரோடு மீட்டிங். மாலையில் கட்டாயம் பப்புக்குக் கூட்டிப்போவார்கள் என்று எங்கள் சீனியர் அண்ணன் சொல்கிறார். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. போகாமல் விட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?
— வாசகர், ஆம்பூர்

பதில்: போங்கள். அங்கே பப் என்பது நம் ஊர் டாஸ்மாக் பார் மாதிரி இல்லை. மதியச் சாப்பாட்டுக்குக் குடும்பமாக வருவார்கள், பாட்டிமார் டீ வாங்கி வைத்துக்கொண்டு பேசுவார்கள். 'நான் குடிப்பதில்லை' என்று ஒரு தடவை சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் வற்புறுத்துவதும் வழக்கமில்லை.

நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டியது 'ரவுண்டு' முறையை. நாலு பேர் உட்கார்ந்தால், ஒவ்வொருவராக எழுந்து கவுண்டருக்குப் போய் நாலு பேருக்கும் வாங்கி வருவார்கள். நீங்கள் ஆரஞ்சு ஜூஸ் குடித்தாலும் உங்கள் முறைக்கு நீங்கள் எழுந்தாக வேண்டும். அந்த நேரத்தில் நழுவுவதைத்தான் அவர்கள் மனதில் வைத்துக்கொள்வார்கள். முதல் ரவுண்டை நீங்களே வாங்கிவிடுவது நல்லது. சீக்கிரம் கிளம்ப நேர்ந்தாலும் யாருக்கும் கடன்பட்டதாக இருக்காது. ரவுண்டில் சேர விருப்பமில்லையா, ஆரம்பத்திலேயே 'எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். இரண்டு கிளாஸ் பிறர் காசில் குடித்துவிட்டுச் சொல்லக் கூடாது.

அடுத்தது, பெயர்கள். வேலூரில் 'மினரல்' என்றால் தண்ணீர் பாட்டில். அயர்லாந்தில் 'மினரல்' என்றால் கோலா, ஆரஞ்சு சோடா வகை. தண்ணீர் வேண்டுமென்றால் 'டேப் வாட்டர்' என்று கேளுங்கள், பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். 'ராக் ஷாண்டி' என்பது ஆரஞ்சும் எலுமிச்சையும் சேர்ந்த சோடா, அதில் மது கிடையாது. வெறும் 'ஷாண்டி' என்றால் பாதி பீர். ஒரு சொல்லை விட்டால் கிளாஸே மாறிவிடும். சிப்ஸ் என்று கேட்டால் சூடான உருளைக்கிழங்கு வறுவல் வரும். பாக்கெட் சிப்ஸுக்கு அங்கே 'கிரிஸ்ப்ஸ்' என்று பெயர்.

பல பப்களில் மேசைக்கு ஆள் வர மாட்டார். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுண்டரில் சொல்லி, அங்கேயே பணம் கட்ட வேண்டும். கவுண்டரில் வாங்கும்போது டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. மேசைக்கு வந்து உணவு பரிமாறினால் 10 சதவீதம் அளவுக்கு வைக்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியம்: பார் நள்ளிரவை ஒட்டித் திறந்திருந்தாலும் சமையலறை 9 மணிவாக்கில் மூடிவிடும். பேசிவிட்டுச் சாப்பிடலாம் என்று இருந்தால் பட்டினிதான். உட்கார்ந்ததும் உணவைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மகளும் மருமகனும் டப்ளினில். எங்களை பப்பில் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போக ஆசைப்படுகிறார்கள். மதுவும் பன்றியும் சேராத உணவு அங்கே கிடைக்குமா? மெனுவைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், மேல்விஷாரம்

பதில்: கிடைக்கும். மெனுவை மட்டும் நம்பினால் தப்பாகிவிடும். உங்கள் மார்க்கம் எதை அனுமதிக்கிறது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், தட்டில் என்னென்ன சேர்கிறது என்பதை நாங்கள் சொல்கிறோம்.

பன்றிக்கறி என்று பெயரிலேயே தெரிந்துவிடுபவை: பேக்கன், ஹாம், சாசேஜ். 'பிளாக் புட்டிங்' என்பதைப் பாயச வகை என்று நினைத்துவிடாதீர்கள். அது பன்றி ரத்தமும் ஓட்ஸும் கொழுப்பும் சேர்த்த சாசேஜ். 'ஒயிட் புட்டிங்'கில் ரத்தம் இல்லை, பன்றிக்கறி உண்டு. டப்ளினின் சொந்த உணவான 'கோடில்' பேக்கனும் சாசேஜும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்ந்த குழம்பு.

பெயரில் தெரியாதவைதான் சிக்கல். 'ஸ்டவுட்' அல்லது 'கின்னஸ்' என்று எழுதிய ஸ்டூ, பை எல்லாம் கறுப்பு பீரில் வேகவைத்தவை. 'கொதித்தால் மது போய்விடும்' என்று சமையல்காரரே சொல்வார். அது பாதி உண்மை. அமெரிக்க வேளாண் துறையின் அளவீட்டுப்படி, அரை மணி நேரம் கொதித்தால் ஊற்றிய ஆல்கஹாலில் 35 சதவீதம் மிஞ்சும், ஒரு மணி நேரத்தில் 25, இரண்டரை மணி நேரத்தில் 5. முழுவதும் போவதில்லை. மீன் வறுவலின் மேல்மாவையும் பல இடங்களில் பீர் ஊற்றித்தான் கரைக்கிறார்கள், அது எண்ணெயில் இருப்பது சில நிமிடமே. முட்டைகோஸ் பொரியல்தானே என்று எடுத்தால், பேக்கன் வெந்த தண்ணீரில் வேகவைத்ததாக இருக்கலாம். மீன் சூப்பான 'சௌடர்' மேலே பேக்கன் துணுக்குகள் தூவி வரும். ஸ்டேக் மேல் ஊற்றும் மிளகு சாஸில் விஸ்கி சேரும். கடைசியில் வரும் 'டிரைஃபிள்' இனிப்பில் ஷெர்ரி ஒயின், 'ஐரிஷ் கிரீம்' என்று பெயர் வைத்த சீஸ்கேக்கில் விஸ்கி.

அயர்லாந்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களை எழுதிக் காட்டுவது சட்டம். அந்தப் பட்டியலில் கோதுமை, பால், மீன் எல்லாம் இருக்கும். பன்றியும் மதுவும் அதில் கிடையாது. ஆகவே பட்டியலில் இல்லை என்றால் உணவிலும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

'ஹலாலா?' என்ற ஒரே கேள்விக்குப் பரிமாறுபவருக்கு விடை தெரியாமல் போகலாம். மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: மேல்மாவில் பீர் இருக்கிறதா? சூப்பும் கிரேவியும் எந்த எலும்புச் சாற்றில் செய்தது? சாசேஜ் பொரித்த எண்ணெயிலா சிப்ஸ் போடுகிறீர்கள்? இதற்குச் சமையலறையில் கேட்டு வந்து திட்டமாகச் சொல்வார்கள். வெளிப்படையாகச் சொன்னால் ஹலால் கோழியோ ஆட்டுக்கறியோ சாதாரண பப்பில் இருக்காது. மாவு பூசாமல் சுட்ட சால்மன் மீன், வேகவைத்த உருளைக்கிழங்கு, வெண்ணெயோடு பழுப்பு ரொட்டி, ஆப்பிள் டார்ட் இவற்றைக் கேட்டு வாங்கினால் வயிறார ஒரு சாப்பாடு ஆகும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். மகன் பெங்களூரில் ஐரிஷ் பப்புக்குக் கூப்பிடுகிறான். எங்களுக்கு என்ன இருக்கும்?
— வாசகி, ஆரணி

பதில்: உருளைக்கிழங்கு இருக்கும்வரை கவலை வேண்டாம். 'கோல்கேனன்' என்பது மசித்த கிழங்கில் முட்டைகோஸோ கேல் கீரையோ பாலும் வெண்ணெயும் சேர்த்தது. 'சாம்ப்' அதே மசியலில் வெங்காயத்தாள் சேர்த்தது. 'பாக்ஸ்டி' பச்சைக் கிழங்குத் துருவலையும் மசித்த கிழங்கையும் மாவு, மோரோடு கலந்து கல்லில் வார்ப்பது. அடை சாப்பிடுகிறவர்களுக்கு இது உடனே பிடிக்கும்.

சைவ 'ஷெப்பர்ட்ஸ் பை' (மேலே மசித்த கிழங்கைப் பரப்பிச் சுட்டது) என்று போட்டிருந்தால் அதில் உஸ்டர்ஷைர் சாஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், அந்தச் சாஸின் மூலச் செய்முறையில் நெத்திலி வகை மீன் உண்டு. காய்கறி சூப் கோழிச் சாற்றில் செய்ததா என்றும் கேளுங்கள். காரம் அறவே இருக்காது. ஆங்கிலக் கடுகு விழுது, மிளகு, சிப்ஸுக்கு மால்ட் வினிகர் இந்த மூன்றையும் மேசைக்கு வரவழைத்துக்கொண்டால் நம் நாக்குக்கு ஓரளவு ஒத்துவரும்.

கேள்வி: பெங்களூரிலோ சென்னையிலோ ஐரிஷ் பப்பில் சாப்பிட்டால் பில்லில் எதைக் கவனிக்க வேண்டும்? பேரப்பிள்ளையைக் கூட்டிப்போகலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி

பதில்: பில்லில் உணவு தனி, மது தனி. உணவுக்கும் குளிர்பானத்துக்கும் சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மது ஜி.எஸ்.டி.க்குள் வராது, அதற்கு மாநில வரி. மொத்தத் தொகைக்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் தவறு. சென்னையில் பப் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள ஹோட்டல் என்றால் உணவுக்கு 18 சதவீதம்.

'சர்வீஸ் சார்ஜ்' கட்டாயம் கிடையாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதற்கு நெறிமுறை வெளியிட்டது. டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். சேவை பிடித்திருந்தால் பரிமாறியவர் கையில் நேரடியாகக் கொடுங்கள்.

அளவையும் கேளுங்கள். அயர்லாந்தில் ஒரு பைன்ட் 568 மி.லி. நம் நாட்டில் 'பைன்ட்' என்றால் 330 மி.லி. பாட்டிலையே தரும் இடங்கள் உண்டு. 'எத்தனை மில்லி?' என்று கேட்டுவிட்டால் விலை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

பேரனோடு மதிய நேரத்தில் போங்கள். இரவில் பல பப்கள் சிறுவர்களை விடுவதில்லை. போன் செய்து கேட்டு மேசை சொல்லி வைப்பது நல்லது. அயர்லாந்திலேயே 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பாரில் இரவு 9 மணி வரைதான் இருக்கலாம், மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் தினம். அன்று கூட்டமும் சத்தமும் அதிகம், பெரியவர்கள் தவிர்க்கலாம். குடித்தவர் யாராக இருந்தாலும் வண்டி எடுக்க விடாதீர்கள். நம் சட்டத்தில் 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை, முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

கேள்வி: கறுப்பு பீரை ஊற்றும்போது பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்களே, ஏன்? கேனுக்குள் ஏதோ உருள்கிறதே, அது என்ன?
— வாசகர், ராணிப்பேட்டை

பதில்: சாதாரண பீரில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. ஸ்டவுட் என்னும் கறுப்பு பீரில் ஏறத்தாழ முக்கால் பங்கு நைட்ரஜன் சேர்ந்த வாயுக்கலவையைக் கொண்டு தள்ளுகிறார்கள். நைட்ரஜன் திரவத்தில் எளிதில் கரையாது, வெளியே வரும்போது மிக நுண்ணிய குமிழிகளாக வரும். அதனால்தான் நுரை ஆடை மாதிரி கெட்டியாக நிற்கிறது, நாக்கில் சுள்ளென்று குத்துவதில்லை.

கிளாஸை 45 டிகிரி சாய்த்து முக்கால் வரை நிரப்பி வைத்துவிடுவார்கள். அப்போது கிட்டப் போய்ப் பாருங்கள்: குமிழிகள் கண்ணாடி ஓரமாகக் கீழே இறங்கும். கிளாஸ் மேல்பக்கம் அகன்றிருப்பதால் நடுவில் திரவம் மேலேறி ஓரத்தில் கீழிறங்குகிறது, சின்னக் குமிழிகள் அந்த ஓட்டத்தோடு இழுபடுகின்றன. பழுப்புக் கலக்கம் கீழிருந்து தெளிந்து கறுப்பாக மாறியதும் நேராகப் பிடித்து மீதியை ஊற்றுவார்கள். மொத்தம் ஏறக்குறைய இரண்டு நிமிடம். கின்னஸ் கம்பெனி 119.5 வினாடி என்றே கணக்குச் சொல்கிறது. ஒரே மூச்சில் ஊற்றினால் நுரை பொங்கி வழியும், அளவு குறையும். அவசரப்படுத்தாதீர்கள்.

கேனுக்குள் உருள்வது நைட்ரஜன் அடைத்த பிளாஸ்டிக் பந்து. திறந்ததும் அழுத்தம் குறைய, பந்தின் நுண்துளை வழியாக வாயு பீறிட்டு நுரையைக் கிளப்பும். கேன் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் திறந்தவுடன் மேசையெல்லாம் நுரை.

கறுப்பாக இருப்பதால் வீரியம் அதிகம் என்பது தவறான எண்ணம். நிறம் வறுத்த பார்லியால் வருவது. கின்னஸ் டிராஃப்ட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம். நம் ஊரில் 'ஸ்ட்ராங்' என்று விற்கும் பீர்கள் 8 சதவீதம் வரை போகும்.

கேள்வி: கறுப்பு பீரில் இரும்புச்சத்து உண்டு, ரத்தசோகைக்கு நல்லது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
— வாசகி, குடியாத்தம்

பதில்: இல்லை. 'உடம்புக்கு நல்லது' என்ற பழைய விளம்பரத்தின் எச்சம் அது. ஒரு பைன்ட்டில் இருக்கும் இரும்பு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. கர்ப்பிணிக்கு இதை யாராவது சிபாரிசு செய்தால் கண்டிப்பாகத் தடுங்கள். கர்ப்ப காலத்தில் எந்த அளவு மதுவும் குழந்தைக்கு ஆபத்து. ரத்தசோகைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையே இலவசமாகத் தருகிறார்கள்.

கேள்வி: ஐரிஷ் பப்களில் மளிகைக்கடை அலமாரி, பழைய டப்பாக்கள், மர மேசை டிராயர் எல்லாம் வைத்து அலங்கரிக்கிறார்களே?
— வாசகர், பேர்ணாம்பட்டு

பதில்: அயர்லாந்தின் சிற்றூர்களில் ஒரே கடையின் ஒரு பக்கம் மளிகையோ இரும்புச் சாமானோ, மறுபக்கம் பார். அந்த வழக்கத்தின் நகல்தான் நகரத்துப் பப்பில் நீங்கள் பார்ப்பது. உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுவையான செய்தி: டிங்கிள் என்ற ஊரில் உள்ள 'டிக் மேக்ஸ்' பப்பின் ஒரு பக்கக் கவுண்டர் தோல் வேலைக்கு உரியது. செருப்பு தைத்த இடம், இன்றும் பெல்ட் செய்கிறார்கள். மூலையில் கதவு போட்ட சின்னத் தடுப்பறை இருந்தால் அதற்கு 'ஸ்னக்' என்று பெயர். பொது இடத்தில் குடிப்பதைப் பிறர் பார்க்கக் கூடாது என்று நினைத்த பெண்களும் பாதிரியார்களும் உட்கார்ந்த இடம். இன்றைக்குக் குடும்பமாகப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் பப்பில் கிடையாது, இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஐரிஷ் காபி என்பது காபிதானே? அம்மாவுக்கு வாங்கித் தரலாமா?
— வாசகி, சத்துவாச்சாரி

பதில்: பப்பில் என்றால் வேண்டாம், அதில் விஸ்கி உண்டு. காபி கடைகளில் 'ஐரிஷ்' என்று விற்பது பெரும்பாலும் மது இல்லாத சிரப் கலந்தது. அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 1940களில் அயர்லாந்தின் ஃபாய்ன்ஸ் என்ற ஊரில், நீரில் இறங்கும் விமானங்களில் குளிரில் வந்த பயணிகளுக்காக ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் போட்டுக் கொடுத்தது இது.

வழக்கமான அளவு: விஸ்கி 50 மி.லி., சூடான கறுப்புக் காபி 120 மி.லி., சர்க்கரை ஒரு டீஸ்பூன், மேலே குளிர்ந்த கிரீம் 50 மி.லி. விஸ்கியை விட்டுவிட்டு அம்மாவுக்கு வீட்டில் போடலாம். திக்கான ஃபில்டர் டிகாக்‌ஷன் பாதி, கொதிநீர் பாதி. சர்க்கரையை விடாதீர்கள், சர்க்கரை கரைந்த காபி அடர்த்தியாகி கிரீமைத் தாங்குகிறது. கிரீம் மூழ்கிவிடுகிறது என்பதுதான் எல்லாரும் சொல்லும் குறை. கடையில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் அடித்தாலும் நிற்காது. 30 சதவீதத்துக்கு மேல் உள்ளதை வாங்கி, தோசைமாவு பதத்துக்கு லேசாக அடித்து, கரண்டியின் முதுகில் விட்டு மெல்ல வழியவிட வேண்டும். கலக்கக் கூடாது. குளிர்ந்த கிரீம் வழியாகச் சூடான காபியை உறிஞ்சுவதில்தான் ருசி.

கேள்வி: பப்பில் சூப்போடு தரும் சோடா ரொட்டியை வீட்டில் செய்தேன். கல் மாதிரி ஆகி, சோப்பு வாடையும் வந்தது. எங்கே தவறு?
— வாசகி, ஆற்காடு

பதில்: மூன்று இடத்தில் தவறியிருக்கலாம்: மாவு, மோர், கை.

இதில் ஈஸ்ட் கிடையாது. மோரின் புளிப்பும் சமையல் சோடாவும் சேர்ந்து கிளப்பும் வாயுதான் ரொட்டியைத் தூக்குகிறது. அயர்லாந்தின் கோதுமை மென்மையானது. நம் ஆட்டா கடினம், தனியாகப் போட்டால் இறுகும். 300 கிராம் மைதா, 150 கிராம் ஆட்டா, சமன் செய்த ஒரு டீஸ்பூன் சோடா, ஒரு டீஸ்பூன் உப்பு. சோடாவில் கட்டி இல்லாமல் இரண்டு முறை சலியுங்கள்.

நம் வீட்டு மோர் ரொம்ப நீர்த்தது. நன்றாகப் புளித்த தயிர் 250 மி.லி.யில் தண்ணீர் 125 மி.லி. விட்டு அடித்துக்கொள்ளுங்கள். தயிர் புளிக்காமல் இருந்தால் சோடா வேலை செய்யாமல் மிஞ்சும். உங்களுக்கு வந்த சோப்பு வாடையும், சில சமயம் வரும் மஞ்சள் நிறமும் அதனால்தான்.

மாவில் குழி செய்து தயிரை ஊற்றி, விரல்களை விரித்து வைத்து ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். மாவு ஒன்று சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தால்தான் கல்லாகிறது. மேலே கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் சரியான பதம். 4 செ.மீ. உயர வட்டமாகத் தட்டி, கத்தியால் பாதி ஆழத்துக்குச் சிலுவைக் குறியாகக் கீறுங்கள். கீறாவிட்டால் நடுவில் வேகாது. சோடா தயிரைத் தொட்ட நொடியிலிருந்து வாயு போய்க்கொண்டே இருக்கிறது, ஆகவே ஓவனை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்க வேண்டும். 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200 டிகிரியில் 30 நிமிடம். எடுத்துத் திருப்பி அடியில் விரலால் தட்டினால் வெற்றுக் குடம்போல் சத்தம் வர வேண்டும். மந்தமாகக் கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள்.

ஓவன் இல்லாதவர்களுக்கு: அயர்லாந்தின் பழைய வீடுகளிலும் ஓவன் கிடையாது. 'பாஸ்டிபிள்' என்ற வார்ப்பிரும்புச் சட்டியில் வைத்து, மூடிமேல் தணலைப் பரப்பிச் சுட்டார்கள். பிரியாணிக்குத் தம் போடும் அதே முறை. கனமான சட்டியும் விறகடுப்பும் இருந்தால் அப்படியே செய்யலாம், கீழே தணல் குறைவாக, மேலே அதிகமாக. கேஸ் அடுப்பென்றால் குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்புப் பரப்பி, பத்து நிமிடம் சூடாக்கி, உள்தட்டில் ரொட்டியை வைத்து, சிறு தீயில் 50 நிமிடம். மேல்பக்கம் வெளுத்தே இருக்கும். கடைசியில் தோசைக்கல்லில் கவிழ்த்து ஐந்து நிமிடம் வைத்தால் சிவக்கும்.

சுட்டதும் ஈரத்துணியில் சுற்றி ஆறவிடுங்கள், மேல்தோல் மிருதுவாகும். அன்றைக்கே சாப்பிட வேண்டிய ரொட்டி இது. மீந்தால் மறுநாள் வில்லையாக வெட்டி வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டுங்கள்.